ஃப்ரக்டோஸ் கீட்டோன்தானே? பெனடிக்ட் கரைசலில் ஏன் சிவந்தது?

வைகைக்கரை · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். உயிர்வேதியியல் முதலாண்டு மாணவி நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இன்று ஆய்வகத்தில் ஐந்து சோதனைக்குழாய் கொடுத்தார்கள்: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ், ஸ்டார்ச். எல்லாவற்றிலும் பெனடிக்ட் கரைசல் (காப்பர் கலந்த நீலக் கரைசல்; காப்பருக்கு எலக்ட்ரான் கொடுக்கிற, அதாவது அதை ஒடுக்குகிற சர்க்கரை இருந்தால் சிவக்கும்) ஊற்றிக் கொதிநீரில் வைத்தோம்.

குழாயை இறக்குவதற்கு முன்பே முடிவு இப்படித்தான் வரும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். குளுக்கோஸில் ஆல்டிஹைடு இருக்கிறது, அதனால் சிவக்கும். ஃப்ரக்டோஸில் இருப்பது கீட்டோன், கீட்டோன் ஒடுக்காது, அதனால் நீலமாகவே இருக்கும். சுக்ரோஸில் குளுக்கோஸ் இருப்பதால் சிவக்கும்.

இரண்டு தப்பாகிவிட்டது. ஃப்ரக்டோஸ் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. சுக்ரோஸ் நீலம் மாறவே இல்லை. லாக்டோஸ் சிவந்தது, ஸ்டார்ச் சிவக்கவில்லை. கேட்டதற்கு "அதெல்லாம் விதிவிலக்கு, அப்படியே எழுதிக்கோ" என்று பதில் வந்தது. ஐந்து குழாயில் இரண்டு விதிவிலக்கு என்றால் அந்த விதியை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது. தனித்தனியாகச் சிவக்கிற குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் ஏன் சிவப்பதில்லை? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் · திங்கள், இரவு 10.25

அம்மா வைகைக்கரை, முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பார்த்தாய் பார், அதற்கே முழு மதிப்பெண் போடலாம். முப்பது வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்தேன். இந்த இடத்தில் தடுக்கி விழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

முதலில் சுக்ரோஸ். ஆல்டிஹைடு, கீட்டோன் மாதிரி வினையைச் செய்கிற பகுதி, அதாவது வினைச்செயல் தொகுதி, மூலக்கூறில் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அது திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

குளுக்கோஸை நாம் நேர்க்கோடாக வரைகிறோம். 1-ஆம் கார்பனில் ஆல்டிஹைடு, மற்ற ஐந்து கார்பனிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில். தண்ணீரில் அது அப்படி நீட்டி நிமிர்ந்து நிற்பதில்லை. 5-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் வளைந்து வந்து 1-ஆம் கார்பனின் ஆல்டிஹைடோடு சேர்ந்துகொள்கிறது. வளையம் மூடுகிறது. ஆல்டிஹைடு இருந்த இடத்தில் இப்போது புதிதாக ஒரு ஹைட்ராக்சில். இந்த 1-ஆம் கார்பனைத்தான் ஆனோமெரிக் கார்பன் என்கிறோம். அந்தப் புது ஹைட்ராக்சில் வளையத்துக்குக் கீழே அமைந்தால் ஆல்ஃபா, மேலே அமைந்தால் பீட்டா. ஆனால் இந்த மூடல் நிரந்தரமில்லை. வளையம் திறக்கும், மறுபடி மூடும்.

சுக்ரோஸில் குளுக்கோஸின் 1-ஆம் கார்பனும் ஃப்ரக்டோஸின் 2-ஆம் கார்பனும் ஒரு ஆக்சிஜன் வழியாக இணைந்திருக்கின்றன. இரண்டுமே ஆனோமெரிக் கார்பன்கள். ஆகவே இரண்டு வளையமும் திறக்க வழியில்லை. ஆல்டிஹைடும் வெளியே வராது, கீட்டோனும் வராது. காப்பருக்கு எலக்ட்ரான் கொடுக்க ஆளில்லை.

லாக்டோஸில் காலக்டோஸின் 1-ஆம் கார்பன் குளுக்கோஸின் 4-ஆம் கார்பனோடு இணைகிறது. குளுக்கோஸின் 1-ஆம் கார்பன் சும்மா இருக்கிறது, அந்தப் பக்கம் திறக்கும். அதனால் சிவந்தது. ஸ்டார்ச்சில் சங்கிலியின் ஒரே ஒரு முனை மட்டும் திறக்கக்கூடியது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸுக்கு ஒரு முனை என்றால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நிறம் வராது.

ஃப்ரக்டோஸ் ஏன் சிவந்தது என்றால், பெனடிக்ட் கரைசலில் சோடியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். காரத்தில் ஃப்ரக்டோஸ் குளுக்கோஸாக மாறிவிடும். மாறிய குளுக்கோஸ் ஒடுக்குகிறது.

வைகைக்கரை · திங்கள், இரவு 10.52

சார், பூட்டு விஷயம் புரிந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். குளுக்கோஸ் தண்ணீரில் பெரும்பாலும் வளையமாகத்தான் இருக்கும் என்றால், திறந்திருப்பது எவ்வளவு? கொஞ்சம்தான் என்றால் குழாய் முழுக்க எப்படிச் சிவந்தது?

ஆய்வக மேசை · செவ்வாய், காலை 6.15

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தினமும் குளுக்கோஸோடுதான் பிழைப்பு.

சமநிலையில் ஏறக்குறைய 64 விழுக்காடு பீட்டா வளையம், 36 விழுக்காடு ஆல்ஃபா வளையம். திறந்த சங்கிலி ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அந்த ஒன்றைக் காப்பர் தின்றுவிட்டால் சமநிலை குலைகிறது, அதைச் சரிக்கட்ட இன்னொரு வளையம் திறக்கிறது. அதையும் காப்பர் தின்கிறது. சிறிய வாசல் வழியாகப் பெரிய கூட்டம் ஒவ்வொருவராக வெளியே வருவது மாதிரி. சூடு அதை வேகப்படுத்துகிறது.

வளையம் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்த மாதிரி உறுதி செய்யலாம். தூய ஆல்ஃபா குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) செலுத்தினால் அந்தத் தளத்தின் சுழற்சி +112 பாகையில் தொடங்கி இறங்கும். தூய பீட்டா +18.7-இல் தொடங்கி ஏறும். இரண்டும் +52.7-இல் வந்து நிற்கும். எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் ஒரே இடம்.

யாழ்நிலவன் · செவ்வாய், காலை 8.05

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறன். சோதனைக்குழாய் ஐயா சொன்னதில் ஒரு இடத்தை மட்டும் திருத்த விரும்புறன், குறை நினைக்கக் கூடாது.

//காரத்தில் ஃப்ரக்டோஸ் குளுக்கோஸாக மாறிவிடும். மாறிய குளுக்கோஸ் ஒடுக்குகிறது.//

இது பாதிதான். ஃப்ரக்டோசின் கீற்றோன் 2-ஆம் காபனில். பக்கத்து 1-ஆம் காபனில் ஒரு ஐதரொட்சில் இருக்கு. காரம் அந்த 1-ஆம் காபனில் இருந்து ஒரு ஐதரசனைக் கழற்றும். அப்போது 1-க்கும் 2-க்கும் இடையில் இரட்டைப் பிணைப்பும், இரண்டு காபனிலும் ஐதரொட்சிலும் உள்ள ஒரு இடைநிலை வரும், ஈன்டையால் என்று பெயர். இதில் இருந்து குளுக்கோசும் போகலாம், மன்னோசும் போகலாம், திரும்பி ஃப்ரக்டோசும் ஆகலாம். ஆனால் செப்புக்கு இலத்திரனைக் கொடுக்க அது குளுக்கோசாக மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஈன்டையாலே தாராளமாகக் கொடுக்கும்.

ஆகவே கவனிக்க வேண்டியது கீற்றோனுக்குப் பக்கத்துக் காபனில் உள்ள ஐதரொட்சிலை. அசற்றோனும் கீற்றோன்தான், அதுக்குப் பக்கத்தில் ஐதரொட்சில் இல்லை, பெனடிக்ற் கரைசலில் அது சிவக்காது. மறுபக்கம் பென்சல்டிகைட்டு என்பது ஆல்டிகைட்டு, ஆனால் பெனடிக்ற் மாதிரியே செப்பு உள்ள பேலிங் கரைசலை அது தாழ்த்தாது. "ஆல்டிகைட்டு என்றால் சிவக்கும், கீற்றோன் என்றால் சிவக்காது" என்ற விதியை இரண்டு பக்கமும் உடைக்கலாம்.

காரம்தான் காரணம் என்றதுக்கு நல்ல சாட்சி புரோமின் நீர். அது அமிலப் பக்கம். அதில் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாக ஒட்சியேறும், புரோமினின்ர நிறம் போகும். ஃப்ரக்டோஸ் அசையாமல் இருக்கும். அங்கே ஈன்டையால் உண்டாக வழியில்லை.

சோதனைக்குழாய் · செவ்வாய், காலை 9.30

யாழ்நிலவன், ஒத்துக்கொள்கிறேன். குளுக்கோஸாக மாறுகிறது என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பழைய விதி உடையாமல் இருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் அப்படிச் சொல்லிவந்தேன். நீங்கள் சொன்ன அசிட்டோன், பென்சால்டிஹைடு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

நீங்கள் மன்னோஸைச் சொன்னதும் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் நினைவுக்கு வந்தார். குளுக்கோஸில் நான்கு சமச்சீரற்ற கார்பன்கள் இருப்பதால் 16 வடிவங்கள் சாத்தியம். அதில் எது குளுக்கோஸ் என்று எக்ஸ் கதிர்ப் படம் எதுவும் இல்லாத காலத்தில், 1891-இல், வெறும் வினைகளை வைத்தே கண்டுபிடித்தார். ஃபீனைல் ஹைட்ரசீன் அவரே 1875-இல் தயாரித்த பொருள். அதோடு சூடாக்கினால் குளுக்கோஸ், மன்னோஸ், ஃப்ரக்டோஸ் மூன்றும் ஓசசோன் என்ற ஒரே மஞ்சள் படிகத்தைத் தருகின்றன. வினை நடப்பது 1, 2 ஆகிய இரண்டு கார்பனில் மட்டும். அப்படியானால் 3 முதல் 6 வரை மூன்றுக்கும் ஒரே அமைப்பு! ஒரு மஞ்சள் படிகத்திலிருந்து இவ்வளவு தூரம் போயிருக்கிறார் மனிதர். 1902-இல் நோபல் பரிசு. அந்த ஃபீனைல் ஹைட்ரசீன் அவர் உடம்பையும் கெடுத்தது.

மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் என்ற இரண்டில் எது, வலமா இடமா என்பதை மட்டும் அவர் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு தொடர்ந்தார். அவர் வைத்தது சரியான பக்கம்தான் என்று 1951-இல் டச்சு விஞ்ஞானி பைஃபூட் எக்ஸ் கதிர் கொண்டு உறுதிப்படுத்தினார்.

வைகைக்கரை · செவ்வாய், மதியம் 1.10

யாழ்நிலவன் சார், உங்கள் சொற்களில் சிலவற்றை இரண்டு முறை படித்தேன். தாழ்த்தும் என்றால் ஒடுக்கும்தானே?

யாழ்நிலவன் · செவ்வாய், மதியம் 1.35

ஓம், அதேதான். நீங்கள் வினைச்செயல் தொகுதி என்கிறதை நாங்கள் தொழிற்பாட்டுக் கூட்டம் என்போம். ஸ்டார்ச் எங்களுக்கு மாப்பொருள். ஒடுக்கும் சர்க்கரை எங்களுக்குத் தாழ்த்தும் வெல்லம். இதில்தான் குழப்பம் வரும், உங்கட பக்கம் வெல்லம் என்றால் கரும்புச்சாறு காய்ச்சி எடுக்கிற கட்டி. அதை நாங்கள் சர்க்கரை என்போம். நீங்கள் சர்க்கரை என்கிற வெள்ளைப் பொருள் எங்களுக்குச் சீனி.

வைகைக்கரை · செவ்வாய், மதியம் 1.42

எங்கள் வீட்டிலும் சீனிதான் சார்!

பாகுப்பதம் · செவ்வாய், மாலை 5.20

படிப்பு பத்தாவதோடு நின்றது, இனிப்புக்கடையில் பாகு காய்ச்சுவது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. சுக்ரோஸ் பூட்டு என்று சார் எழுதியதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. சீனிப்பாகில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுவோம். விட்டால் பாகு பூக்காது. விடாவிட்டால் ஆறியதும் சட்டி ஓரத்திலிருந்து சீனி மறுபடி பூத்துவிடும். எங்கள் மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. காரணம் இந்தப் பூட்டோடு சம்பந்தப்பட்டதா?

சோதனைக்குழாய் · செவ்வாய், மாலை 6.45

ஐயா, நேரடியான சம்பந்தம். அமிலமும் சூடும் சேர்ந்தால் சுக்ரோஸின் அந்த ஆக்சிஜன் பாலம் தண்ணீரை வாங்கிக்கொண்டு உடைகிறது. பாகில் இப்போது சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மூன்றும் இருக்கின்றன. படிகம் என்பது ஒரே மாதிரிக் கல்லை வரிசையாக அடுக்கிய சுவர். நடுவில் வேறு வடிவக் கல் வந்தால் வரிசை நிற்காது. அதனால்தான் பூப்பதில்லை.

இந்த உடைந்த கலவைக்கு எதிர்மாற்றுச் சர்க்கரை என்று பெயர். சுக்ரோஸ் ஒளியை +66.5 பாகை வலப்பக்கம் திருப்பும். உடைந்தபின் கலவை ஏறக்குறைய 20 பாகை இடப்பக்கம் திருப்பும், ஏனென்றால் ஃப்ரக்டோஸின் −92 குளுக்கோஸின் +52.7-ஐ அமுக்கிவிடுகிறது. தேனீ இதே வேலையை எலுமிச்சை இல்லாமல் இன்வர்ட்டேஸ் என்ற நொதியால் செய்கிறது.

பாகுப்பதம் · செவ்வாய், இரவு 9.05

அப்போது வெல்லம் மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தானா? நல்ல வெல்லம் கசியாது, புளித்த கரும்புச்சாற்றில் காய்ச்சியது கசியும் என்பார்கள்.

ஆய்வக மேசை · செவ்வாய், இரவு 9.40

ஆமாம் அண்ணே. வெல்லத்தில் சுக்ரோஸ் தவிர உடைந்த குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம் இருக்கும். ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சாறு புளித்திருந்தால் அமிலம் கூடுதல், உடைந்த சர்க்கரையும் கூடுதல், கசிவும் கூடுதல். வைகைக்கரை, வெல்லக் கரைசலில் பெனடிக்ட் ஊற்றிப் பார். சிவக்கும். வெள்ளைச் சீனியில் சிவக்காது.

இந்த 1-ஆம் கார்பன் பற்றி என் வேலையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை என்று மருத்துவர்கள் எழுதித்தருகிற எச்பிஏ1சி பரிசோதனை, முழுக்க முழுக்க இந்த ஆல்டிஹைடின் வேலை. ரத்தத்தில் குளுக்கோஸ் வளையம் திறக்கிற கணத்தில், அந்த ஆல்டிஹைடு ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி தொடங்கும் இடத்திலுள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியோடு சேர்கிறது. முதலில் ஷிஃப் காரம் என்ற தளர்வான சேர்மம், அது அமடோரி மறுசீரமைப்பு நடந்து எளிதில் பிரியாத கீட்டோஅமீன் ஆகிறது. நொதி எதுவும் தேவையில்லை. குளுக்கோஸ் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதலாக ஒட்டும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் கடந்த வாரங்களின் சராசரி அதில் பதிந்திருக்கிறது. முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் படுகிற பாடு! ஒட்டியது ஒரே ராத்திரியில் உதிராது.

ஆறு கார்பன் கொண்ட ஆல்டிஹைடு சர்க்கரைகளான ஆல்டோஹெக்சோஸ்களில் குளுக்கோஸ்தான் புரதத்தோடு மிக மெதுவாக ஒட்டும், ஏனென்றால் அதன் வளையம் மிக நிலையானது, திறப்பது மிகக் குறைவு. உயிர்கள் ரத்தச் சர்க்கரையாகக் குளுக்கோஸைத் தேர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று பன், ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1981-இல் எழுதினார்கள். எனக்கு அந்த வாதம் மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் சிறுநீரில் பெனடிக்ட் பார்ப்பார்கள். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று அளவைக் கணிப்பார்கள். ஆனால் காப்பருக்கு யார் எலக்ட்ரான் கொடுத்தாலும் ஒன்றுதான். வைட்டமின் சி மாத்திரை நிறைய விழுங்கியவர் சிறுநீரும் நிறம் மாறும். அந்த வைட்டமினிலும் ஈன்டையால் அமைப்புதான் இருக்கிறது, யாழ்நிலவன் சார் சொன்ன அதே ஆள். இப்போதைய சிறுநீர்ப் பட்டைகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது, அது குளுக்கோஸை மட்டும் பார்க்கும். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பச்சைக் குழந்தையின் சிறுநீரில் பட்டை ஒன்றும் காட்டாமல் பெனடிக்ட் மட்டும் சிவந்தால் காலக்டோசீமியா என்ற பிறவி நோய் இருக்குமோ என்று பார்க்க வேண்டும். தாய்ப்பாலின் லாக்டோஸிலிருந்து வரும் காலக்டோஸை அந்தக் குழந்தையால் கையாள முடிவதில்லை. பழைய சோதனையை எறிந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கறவை · புதன், காலை 7.10

கால்நடை உதவியாளராக இருக்கிறேன். ஆல்ஃபா பீட்டா என்று மேலே ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். மாட்டுக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

அரிசியும் குளுக்கோஸ் சங்கிலி, வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. இரண்டிலும் 1-ஆம் கார்பன் அடுத்ததன் 4-ஆம் கார்பனோடுதான் சேர்கிறது. அரிசியில் ஆல்ஃபா, வைக்கோலில் பீட்டா. ஆல்ஃபா சங்கிலி சுருளும். அயோடின் ஒளிந்துகொண்டு நீலக்கறுப்பாகிறது அந்தச் சுருளுக்குள்தான். பீட்டாவில் ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு இறுகிக்கொள்கிறது. நம் எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதிக்கு ஆல்ஃபா பாலத்தை மட்டுமே வெட்டத் தெரியும்.

செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதி மாட்டுக்கும் கிடையாது, பலர் தப்பாக நினைக்கிறார்கள். அசையூண் பையில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் வெட்டுகின்றன. வெட்டிய குளுக்கோஸையும் மாட்டுக்குக் கொடுப்பதில்லை, தாங்களே புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக வெளியே விடுகின்றன. மாடு அந்த அமிலங்களில்தான் வாழ்கிறது. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரல் மறுபடி குளுக்கோஸ் செய்கிறது, மடியில் அதிலிருந்து லாக்டோஸ் வருகிறது. வைக்கோலில் இருந்த குளுக்கோஸ் வேறு, பாலுக்கு வந்த குளுக்கோஸ் வேறு. இதை முதன்முதலாகப் படித்த அன்று தொழுவத்தில் போய் ரொம்ப நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாகுப்பதம் · புதன், காலை 8.00

வேட்டிக்குக் கஞ்சி போடுகிறோமே, அதில் பருத்தியும் அரிசியும் சேருகிறதே?

கறவை · புதன், காலை 8.20

அருமையான இடத்தைப் பிடித்தீர்கள். பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ்தான். கஞ்சியின் ஸ்டார்ச்சும் பருத்தி நூலும் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில், இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. காய்ந்ததும் வேட்டி மொடமொடவென்று நிற்கிறது. துவைத்தால் தண்ணீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து கஞ்சி கழன்றுவிடும். கஞ்சி போட்ட பழைய துண்டில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக்கறுப்பு, போடாத துண்டில் அயோடினின் பழுப்பு மட்டும்.

யாழ்நிலவன் · புதன், காலை 9.15

இறால் ஓட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அதிலுள்ள கைற்றினிலும் பீட்டா 1,4 பாலம்தான். 2-ஆம் காபனின் ஐதரொட்சிலுக்குப் பதில் ஒரு அசற்றைல் அமினோ கூட்டம், அவ்வளவுதான் மாற்றம். செலுலோசு இறால் ஓடாயிற்று.

வைகைக்கரை · வெள்ளி, இரவு 8.30

இன்று அனுமதி வாங்கி ஆய்வகத்தில் தனியாகச் செய்தேன். சுக்ரோஸ் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, பெனடிக்ட் ஊற்றினேன். நுரைத்தது, ஆனால் சிவக்கவில்லை. மனசு உடைந்துவிட்டது. பிறகுதான் நுரையை யோசித்தேன். பெனடிக்டின் கார்பனேட்டை அமிலம் தின்றிருக்கிறது, காரம் இல்லாமல் ஈன்டையால் எங்கிருந்து வரும்? இரண்டாவது முறை, அமிலத்தில் கொதித்ததும் நுரை அடங்கும் வரை சோடியம் பைகார்பனேட் போட்டுவிட்டு அப்புறம் பெனடிக்ட் ஊற்றினேன். நல்ல செங்கல் நிறம்.

வெல்லமும் கொண்டுபோனேன். அமிலமே இல்லாமல் சிவந்தது. அம்மாவின் கஞ்சி போட்ட பருத்திச் சேலை ஓரத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை செலிவானோஃப் சோதனை. ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், கீட்டோன் சர்க்கரைக்கு விரைவாகச் செர்ரிச் சிவப்பு வரும் என்கிறது புத்தகம். சுக்ரோஸுக்கு என்ன வரும் என்று இப்போதே எழுதிவிட்டேன்: சிவக்கும், ஆனால் ஃப்ரக்டோஸுக்குச் சற்றுப் பின்னால்.

சோதனைக்குழாய் · வெள்ளி, இரவு 8.55

ஏன் பின்னால் என்பதையும் எழுது அம்மா.

வைகைக்கரை · வெள்ளி, இரவு 9.02

எழுதிவிட்டேன் சார். "அமிலம் முதலில் பாலத்தை உடைக்க வேண்டும்."

வைகைக்கரை · திங்கள், மாலை 6.20

ஃப்ரக்டோஸ் முதலில் சிவந்தது. சுக்ரோஸ் கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்தது. குளுக்கோஸ் நான் குழாயை எடுக்கும்போது இளஞ்சிவப்புக்குக்கூட வரவில்லை. மூன்றும் எழுதி வைத்தபடியே.